இடுப்பில் போட்ட கட்டு

அத்தியாயம் பதினொன்று

கல்யாணத்துக்கு வராத நாத்தனாரும், அதை மறக்காத தம்பி பெண்டாட்டியும் கடைசியில் ஒரு களிம்பு டப்பாவால் ராசியானார்கள். நடுவில் யாரும் பஞ்சாயத்து பேசவில்லை. தம்பி பெண்டாட்டியான கடிகாரக்காரிக்கு இடுப்பு வலித்தது. நாத்தனாரான அக்காவுக்குப் பிடித்துவிடத் தெரியும். நடந்தது அவ்வளவுதான்.

அக்காவுக்கு வேலையே அது. ஓட்டப்பந்தய மைதானத்தில் பெண்கள் அணிக்குத் தசை பிடித்துவிடுகிறவள். அந்தப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கட்டைவிரல்'. பிடிக்கும்போது ஊரைக் கூட்டுவார்கள், திட்டுவார்கள், மறுநாள் அவர்களே வந்து காலை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் கட்டிக்கொண்டது கடிகாரக் கடையில் பழுது பார்க்கிற பெண்ணை. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற வேலை. 'கடிகாரக்காரி' என்று அக்கா முதலில் சொன்னபோது அதில் காரம் இருந்தது. இப்போது அதே வார்த்தைதான், காரம் மட்டும் போய்விட்டது.

எட்டு மாத வயிற்றோடு கடையிலிருந்து வருகிறவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முதுகிலும் இடுப்பிலும் களிம்பைத் தாராளமாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் வெந்நீரில் பிழிந்த துண்டைப் போடுவாள் அக்கா. மைதானத்தில் இதற்குப் பெயர் கட்டு. தினமும் சாயந்திரம் ஒரு கட்டு. காலையில் கடைக்குக் கிளம்புமுன் தம்பி தடவிவிடுவான், அக்கா சொல்லிக் கொடுத்தபடி.

அந்தத் துண்டு ஆறுகிறவரைக்கும் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். 'அண்ணி' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து முதல்முதலாக வந்ததே ஒரு கட்டின்போதுதான்.

அன்று ஸ்கேன். வழக்கமான ஸ்கேன்தான் என்று மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள்.

ஆஸ்பத்திரி லிஃப்ட் மேலே ஏறும்போது தம்பி காதைச் சாய்த்துக் கேட்டான்.

"இதுக்கு எண்ணெய் காட்டி ரொம்ப நாளாச்சு. முனகுது பாரு."

"நானும்தான் முனகுறேன். என்னைக் கவனிங்க முதல்ல," என்றாள் கடிகாரக்காரி.

அக்கா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதோடு சரி.

ஸ்கேன் அறை இருட்டாக, சின்னதாக இருந்தது. கட்டில்மேல் காகிதம் விரித்திருந்தார்கள். கடிகாரக்காரி படுத்துக்கொண்டாள். அவளுடைய கைப்பையையும் செருப்பையும் அக்கா வாங்கி வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். டாக்டரம்மா பேச்சுக்காரர். மழையைப் பற்றி, தன் மகனின் தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டே கருவியை வயிற்றில் நகர்த்திக்கொண்டிருந்தார்.

பிறகு பேச்சை நிறுத்தினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்.

"என்ன டாக்டர்?" என்றான் தம்பி.

"குழந்தையைச் சுத்தி இருக்கிற தண்ணி குறைஞ்சிருக்கு. போன தடவை நல்லா இருந்துச்சு." திரையில் ஒரு இடத்தைக் காட்டினார். "இதயத்துகிட்ட ஒரு சின்னக் குழாய். வயித்துக்குள்ள இருக்கிறவரைக்கும் இது நல்லாத் திறந்து இருக்கணும். பிறந்தப்புறம்தான் மூடணும். இப்பவே சுருங்க ஆரம்பிச்ச மாதிரி தெரியுது."

டாக்டரம்மா கருவியை எடுத்து வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா? சில வலி மருந்து இப்படிப் பண்ணும். குழந்தையோட கிட்னியை மந்தமாக்கும், தண்ணி குறையும். இந்தக் குழாயையும் சுருக்கும்."

"தலைவலிக்குக்கூட எதுவும் போட்டுக்கலை டாக்டர்."

"பல் வலி, ஜுரம்? யாராவது கைமருந்து மாதிரி குடுத்தது?"

"இவளா?" என்றான் தம்பி. "இருமல் மிட்டாயைக்கூடத் திருப்பிக் குடுத்துடுவா. நீங்க எழுதிக் குடுத்த இரும்புச் சத்து மாத்திரையையே நான் எதிர்ல நின்னாத்தான் முழுங்குவா."

அக்காவின் கையில் இருந்த செருப்பு ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். எடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

கடிகாரக்காரி படுத்தபடியே கேட்டாள். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். "என் ரத்தம் வேற, குழந்தை ரத்தம் வேறன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்புறம் நான் சாப்பிடுற மருந்து அதுக்கு எப்படிப் போகும்?"

"ரத்தம் வேறதான். நடுவுல நஞ்சுக்கொடி இருக்கு இல்லையா, அதுல ரெண்டு ரத்தத்துக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா அதைத் தாண்டும். சர்க்கரை உங்ககிட்ட அதிகமா இருக்கும், குழந்தைகிட்டக் கம்மி. அதனால தானா அந்தப் பக்கம் போயிடும். இரும்பு, கால்சியம் எல்லாம் அப்படி இல்ல. உங்களுக்கே பத்தலைன்னாலும் நஞ்சுக்கொடி பிடிச்சு இழுத்துக் குழந்தைக்குக் குடுத்துடும். உருவத்துல பெரிய மருந்துன்னா தாண்ட முடியாம இந்தப் பக்கமே நின்னுடும். சின்ன மருந்து யாரையும் கேக்காது. உங்க ரத்தத்துல வந்துட்டா குழந்தை ரத்தத்துலயும் வந்தாச்சு."

"போனது திரும்பி வராதா?"

"வரும். உங்க ரத்தத்துல குறையக் குறைய, குழந்தைகிட்டேர்ந்தும் இந்தப் பக்கம் வந்துடும். அதனாலதான் இவ்வளவு கேக்கிறேன். மருந்துதான் காரணம்னா நிறுத்தினாலே போதும். இல்லைன்னா வேற காரணம் தேடணும். தேடிக்கிட்டு உட்கார நேரம் இல்ல." டாக்டரம்மா விளக்கைப் போட்டார். "இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க. குழந்தையோட நுரையீரல் முதிர்றதுக்கு ஊசி போடுறேன். நாளைக்குக் காலைல மறுபடி பார்ப்பேன். இதே நிலைமைன்னா ஆபரேஷன் பண்ணி வெளியே எடுத்துடலாம். காரணம் தெரியாம உள்ளே விட்டுவைக்க எனக்கு பயமா இருக்கு."

"இன்னும் மாசம் முடியலையே," என்றாள் கடிகாரக்காரி.

"அதனாலதான்மா ஊசி."

மாத்திரை என்றுதானே கேட்டார், என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாயால் சாப்பிடுகிற மாத்திரை. களிம்பு என்று கேட்கவில்லை. களிம்பு தோலுக்குத் தடவுவது. அது எங்கே, குழந்தை எங்கே. இப்படி ஒரு நூறு தடவை சொல்லிக்கொண்டாள்.

அதற்குள் கடிகாரக்காரி வேறு ஒன்றைக் கேட்டாள். "டாக்டர், கடையில கடிகாரப் பாகம் கழுவ ஒரு திரவம் வெச்சிருப்போம். பெட்ரோல் வாசனை அடிக்கும். நான் தினமும் அதுக்குப் பக்கத்துலதான்…"

"ஜன்னல் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. தூசி வருதுன்னு சாத்தியே வெச்சிருப்பாங்க."

"அதுவும் நல்லதில்லதான்," என்று டாக்டரம்மா ஆரம்பித்தபோது நர்ஸ் வந்து கூப்பிட்டாள். யாருக்கோ அவசரம். "அப்புறம் பேசலாம்" என்று போய்விட்டார்.

ஒரு பாதி வாக்கியம் போதுமாக இருந்தது. வராந்தாவுக்கு வந்ததும் தம்பி பிடித்துக்கொண்டான்.

"நான் எத்தனை தடவை சொன்னேன், அந்த வேலையை விடு விடுன்னு?"

"இடுப்பு வலிக்குதுன்னு விடச் சொன்னீங்க. இதுக்கா சொன்னீங்க?"

"எதுக்குச் சொன்னா என்ன? கேட்டியா? எட்டாம் மாசம் அந்த நாத்தத்துல போய் உட்கார்ந்துக்கிட்டு… கடிகாரம் ஓடலைன்னா ஊர்ல எவன் செத்துடப் போறான்?"

"டேய், மெதுவாப் பேசு," என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு அக்கா. நீ இவளுக்கு எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பண்ற. தினம் வேலை முடிஞ்சு ஓடி வந்து பிடிச்சு விடுற. இவ என்னடான்னா…"

அக்கா சும்மா இருந்தாள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். சொல்லவேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அது தொண்டைவரை வந்தது. பாராட்டிக்கொண்டிருந்த தம்பியின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

கடிகாரக்காரி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். அந்தத் திரவத்தின் வாசனை இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது அக்காவுக்குப் புரிந்தது.

"போன் பண்ணிடுங்க," என்றாள் மெல்ல. "நான் வரலைன்னு முதலாளிகிட்ட சொல்லிடுங்க. இனிமே வரலைன்னு."

தம்பி அங்கேயே நின்று போன் பண்ணினான்.

வார்டில் நர்ஸ் ஊசியோடு வந்தபோது கடிகாரக்காரி கேட்டாள். "இது எனக்கா, குழந்தைக்கா?"

"போடுறது உங்களுக்கு. போறது அதுக்கு."

மாத்திரை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்தாள். ஊசி இறங்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லது போனா சரி அண்ணி. நான்தான் கண்டதையும் அனுப்பிட்டேன்."

அக்கா கையை உருவிக்கொண்டாள். "மைதானத்துல ஆள் காத்திருக்கும். சாயந்திரம் வரேன்," என்றாள். அப்படி ஒன்றும் யாரும் காத்திருக்கவில்லை. அவளுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை.

மத்தியானத்துக்கு மேல் மைதானத்தில் 'வாத்து' தொடையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடை தாண்டி ஓடுகிற பெண். ஓடும்போது மான், நடக்கும்போது வாத்து. அதனால் அந்தப் பெயர்.

"எங்கக்கா போயிட்டீங்க? தொடை கல்லு மாதிரி இருக்கு. இன்னைக்கு எனக்குப் பெரிய கட்டா போடுங்க."

"கட்டும் கிடையாது, கிட்டும் கிடையாது," என்றபடி கோச் வந்தார். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுகிற மனுஷர். "வாரக் கடைசியில போட்டி. இன்னைலேர்ந்து எல்லாருக்கும் வெறும் கைதான். கட்டைவிரல், களிம்பு டப்பா எங்கே? என் அலமாரிக்கு வந்துடணும்."

"தம்பி வீட்டுல இருக்கு சார்."

"அது ஏன் அங்கே போச்சு?"

அக்கா வாத்தின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வாத்து விடவில்லை. "ஏன் சார், தோல்லதானே தடவுறோம்? வாயிலயா ஊத்திக்கிறோம்?"

"ஒவ்வொரு போட்டிக்கும் எவளாவது ஒருத்தி இதைக் கேட்டுடுவீங்க," என்றார் கோச். "கட்டைவிரல், நீயே சொல்லு இவளுக்கு. எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

பல வருஷமாக அக்கா சொல்கிற பாடம்தான் அது. முன்பு ஒரு பெண், யாரோ கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டு போய் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதிலிருந்து மைதானத்தில் இப்படி ஒரு சட்டம். ஒப்பிக்கிற மாதிரி அக்கா ஆரம்பித்தாள்.

"தோல் என்ன சுவரா? தடவினது தடவின இடத்துலயே நிக்காது. உள்ள போகும். ரத்தத்துல கலக்கும், மூத்திரத்துல வரும். அதுலயும் தாளைச் சுத்திச் சூட்டுத் துண்டைப் போட்டோம்னா…"

வாத்தின் கால் அவள் மடியில் இருந்தது. அக்காவின் கை அதன்மேல் அப்படியே நின்றுபோனது.

"போட்டோம்னா?" என்றாள் வாத்து.

"இன்னும் நிறைய உள்ள போகும்."

ஓடுகிற பெண்களுக்கு இதைச் சொல்லத் தெரிந்தது. ஒரு பதக்கம் போய்விடக் கூடாது என்று டப்பாவைப் பூட்டி வைக்கத் தெரிந்தது. இதே வாயோடு, இதே கையோடு தினமும் பஸ் ஏறிப் போய், பிள்ளையைச் சுமக்கிறவளின் முதுகு முழுக்கத் தடவி, தாள் சுற்றி, சூடு போட்டு, "நல்லா உள்ள இறங்கட்டும், அசையாமப் படு" என்று சொன்னாள். உள்ளே இறங்கட்டும் என்றாளே, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

வாத்தின் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, இன்னொரு கால் பாக்கி இருக்கு."

"நீயே பிடிச்சுக்கோ."

தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வாக்கியமாகக் கோத்தாள். டாக்டரை மட்டும் தனியாகப் பார்த்துச் சொல்லலாம். சந்தேகம் மாதிரிச் சொல்லலாம். யாரோ மைதானத்தில் பேசிக்கொண்டதாகச் சொல்லலாம். இறங்கும்போது ஒன்றும் தேறவில்லை.

வார்டு வாசலிலேயே வாசனை வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாத வாசனையா அது.

திரைக்குப் பின்னால் கடிகாரக்காரி பக்கவாட்டில் படுத்திருந்தாள். தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். பக்கத்து மேசையில் டப்பா திறந்து கிடந்தது. மைதானத்துக் கட்டு போலவே பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன் மேல் சூட்டுத் துண்டு.

"வா அக்கா. இடுப்பு வலின்னா. நீ வர நேரமாகும்னு வீட்டுக்குப் போய் எடுத்துக்கிட்டு வந்து நானே போட்டுட்டேன். சரியா இருக்கா பாரு."

காலையில் கத்தியதற்கு ஈடுகட்டுகிறான் என்று தெரிந்தது. கடிகாரக்காரியும் சமாதானமாகியிருந்தாள். "உங்களை மாதிரி வராது அண்ணி. லிஃப்டுக்கு கிரீஸ் வைக்கிற மாதிரி அப்பியிருக்கார்."

அக்கா துண்டை இழுத்து எறிந்தாள். தாளைக் கிழித்தாள். "சோப்பு. சோப்பும் தண்ணியும் கொண்டு வா. போ."

"என்னக்கா ஆச்சு?"

"நர்ஸ் பார்த்தா திட்டுவாங்க. வார்டு முழுக்க வாசனை."

இதுதான் அவள் வாயில் வந்தது. இந்த நேரத்திலும் ஒரு பொய்தான் முன்னால் ஓடி வந்தது. ஈரத் துணியில் சோப்பைக் குழைத்து முதுகைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். தோல் சிவந்துபோகிற அளவுக்குத் துடைத்தாள்.

"எரியுது அண்ணி."

"கொஞ்சம் பொறு."

கடிகாரக்காரி சுவரைப் பார்த்தபடியே பேசினாள். முகம் தெரியாததால் சொல்ல முடிகிறது போலிருந்தது. "முதலாளி போன் பண்ணார். என் மேசையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாராம். என்னோட பூதக்கண்ணாடியை மட்டும் பத்திரமா எடுத்து வெச்சிருக்காராம், வந்து வாங்கிக்கச் சொன்னார். பரவால்ல, போகட்டும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா யோசிச்சா ஆறலை அண்ணி. ஜன்னலைத் திறங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தூசி விழுந்தா வேலை கெட்டுடும்னு நானே சாத்தினேன். ஒரு சக்கரத்துல தூசி விழக் கூடாதுன்னு பார்த்தவ, வயித்துல இருக்கிறதுக்குப் பார்க்கலை. நாளைக்கு அதை அரைகுறையா எடுத்தாங்கன்னா, அதுக்கு நான்தானே…"

"நீ இல்ல," என்றாள் அக்கா.

"நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"ஆறுதலுக்குச் சொல்லலை. கடையும் இல்ல, அந்தத் திரவமும் இல்ல. இந்தக் களிம்பு. இதுல இருக்கிறதும் வலி மருந்துதான். வாயில போட்டா மாத்திரை, தோல்ல தடவினா களிம்பு, அவ்வளவுதான் வித்தியாசம். தடவி, தாள் சுத்தி, சூடு போட்டு நான்தான் உள்ள அனுப்பினேன். நல்லா நிறைய அனுப்பினேன்."

தம்பி சோப்புக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றான். கடிகாரக்காரி மெல்லத் திரும்பினாள். எட்டு மாத வயிற்றோடு திரும்புவது லேசில்லை. கைகொடுக்கப் போன அக்காவின் கையை அவள் பிடிக்கவில்லை.

"டாக்டர் காலைல வலி மாத்திரையான்னு கேட்டாங்களே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

சந்தேகமாக இருந்தது என்று சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. ஆனாலும் அக்கா, "தெரியும்," என்றாள்.

"எனக்கு ஊசி போடும்போது?"

"தெரியும்."

"இவர் முதலாளிக்குப் போன் பண்ணும்போது பக்கத்துலதானே நின்னீங்க?"

அக்கா ஈரத் துணியைத் தம்பியின் கையில் இருந்த கிண்ணத்தில் போட்டாள்.

தம்பி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். டாக்டரம்மா இரண்டு மாடிக்கு மேலே இருந்தார். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடுகிற சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது.

டாக்டரம்மா வந்து டப்பாவைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா?"

"இவளுக்கு இடுப்பு வலி வந்ததுலேர்ந்து. ரெண்டு மாசம் இருக்கும்," என்றாள் அக்கா.

"எவ்வளவு தடவுவீங்க? ஒரு பட்டாணி அளவா?"

அக்கா இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "இது முழுக்க எடுத்து, முதுகு முழுக்க. காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. சாயந்திரம் கட்டோட."

"ஒரு டப்பா எவ்வளவு நாள் வரும்?"

"மைதானத்துல மொத்தப் பொண்ணுங்களுக்கும் ஒரு மாசம் வரும் டாக்டர். இவளுக்கு…" டப்பாவை மூடினாள். "ஒரு வாரத்துல தீர்ந்துடும்."

தம்பி தலையைப் பிடித்துக்கொண்டான். காலையில் கட்டு இல்லாவிட்டாலும் அந்த வேளைக்குத் தடவிவிட்டது அவன்தானே.

"நானும் மாத்திரைன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டேன்," என்றார் டாக்டரம்மா. "தடவுறதையும் கேட்டிருக்கணும். சரி, இப்பவாவது சொன்னீங்க. இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா நான் குழந்தையை எடுத்திருப்பேன்." கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். குதிரை ஓடுகிற மாதிரி அது ஓடிக்கொண்டிருந்தது. "துடிப்பு நல்லா இருக்கு. இப்படியே இருக்கிறவரைக்கும் நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம். களிம்பு ஒரு துளி கிடையாது. தினமும் பார்க்கிறேன். தண்ணி ஏறுதா, அந்தக் குழாய் விரியுதான்னு பார்ப்போம்."

"ஏறிடுமா டாக்டர்?" என்றாள் கடிகாரக்காரி.

"நிறுத்தினா பெரும்பாலும் ஏறும். ஏறிடும்னு கையடிச்சுக் குடுக்க என்னால முடியாதும்மா. உங்க குழந்தைதான் சொல்லணும்."

"அந்தக் கடைத் திரவம்?"

"அது இந்த வேலை பண்ணியிருக்காது. ஆனா திரும்பப் போனா ஜன்னலைத் திறந்து வைங்க."

திரும்பப் போக மேசை இல்லை. யாரும் அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

அவர் போனதும் கடிகாரக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறக்காமலே, "அவங்களை வெளியே இருக்கச் சொல்லுங்க," என்றாள்.

அக்கா தானாகவே போனாள். தம்பி சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கிழித்த தாளைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, திரையைத் தாண்டி வார்டு வாசலில் போய் நின்றாள். வீட்டுக்குப் போகலாம். போக முடியவில்லை. உட்கார பெஞ்ச் இருந்தது. உட்காரவும் முடியவில்லை. இந்தப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, ஓடி விளையாடினாலும் இந்த ஒரு பகல் இடையில் கிடக்கும். களிம்பு தெரியாமல் தடவியது. காலையிலிருந்து சாயந்திரம் வரை தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தது அவள்தான்.

வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்தன. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

உள்ளே கடிகாரக்காரி முனகினாள். சூடு போன இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. திரை பாதி திறந்திருந்தது. தம்பி வெறும் கையால் அவள் முதுகை அழுத்துவது அக்காவுக்குத் தெரிந்தது. சரியான இடத்துக்கு ஒரு சாண் மேலே அழுத்திக்கொண்டிருந்தான். அவள் முதுகு இன்னும் விறைத்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கையை வாசல் நிலையில் ஊன்றிக்கொண்டாள். கட்டைவிரல் அதன் போக்கில் மரத்தை அழுத்தியது.

"இன்னும் கீழே," என்று வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தாள்.

தம்பியின் கை நின்றது. திரும்பிப் பார்த்தான். அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்னங்க."

"சொல்லு."

"உள்ள வர வேண்டாம். அங்கேர்ந்தே சொல்லச் சொல்லுங்க."

அக்கா வாசலிலேயே நின்று சொன்னாள். "இன்னும் கீழேடா. இடுப்பெலும்பு தட்டுதா? அதுக்கு மேல இல்ல, பக்கத்துல. குழியா இருக்கும் பாரு, அங்கே. அழுத்தாதே. விரலை வெச்சுக்கிட்டு அவ மூச்சு விடுறவரைக்கும் பொறு."